ஸ்கானுக்குப் போக முதல்: எந்தப் படம், எப்போது, எதற்கு? வன்னி வாசகருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நாரி நோகிறது என்று ஒருவர் சொல்லி வாய் மூட முதலே, "ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாருங்கோவன்" என்று பக்கத்துக் கதிரையில் இருப்பவர் சொல்லிவிடுகிறார். ஒரு காலத்தில் வன்னியில் ஓர் எக்ஸ்ரேக்கே அலைய வேண்டியிருந்தது. இப்போது ஏ9 வீதியில் வான் பிடித்தால், காசுக்கு ஸ்கான் எடுத்துக்கொண்டு பொழுதுபட வீட்டுக்கு வந்துவிடலாம். காசு காணாவிட்டால் கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் உறவு அனுப்பும்.

இதில் இரண்டு பக்கமும் பிழை நடக்கிறது. தானாக மாறுகிற நோவுக்குப் பெரிய ஸ்கான் எடுக்கிறார்கள். ஒரு நிமிடமும் பிந்தாமல் ஸ்கான் எடுக்க வேண்டியவரை, "விடியட்டும் பாப்பம்" என்று வீட்டில் படுக்க வைக்கிறார்கள். உயிர் போவது இரண்டாவதில் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். டொக்டர் சொன்னதை மாற்றுவதற்காக இதை எழுதவில்லை. அவர் முன்னால் இருக்கும்போது என்ன கேட்பது, எதைச் சொல்ல மறக்கக்கூடாது என்று தெரிந்துகொண்டு போவதற்காக எழுதுகிறேன்.

படி 1: அவசரமா என்று முதலில் பாருங்கள்

முகம் ஒரு பக்கம் கோணுகிறது, ஒரு கை தூக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது. இவற்றில் ஒன்று திடீரென்று வந்தாலும் பாரிசவாதம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மூளையில் இரத்தக்குழாய் அடைத்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று வெளியே இருந்து பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. சி.ரி. ஸ்கான்தான் அதைப் பிரித்துக் காட்டும். அடைப்பு என்றால் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஒட்டுசுட்டானிலோ துணுக்காயிலோ இருந்து புறப்படுகிறவருக்கு வீட்டில் வீணாகும் அரை மணி நேரமும் பெரிய கணக்கு. 1990க்கு அடியுங்கள். ஆள் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை எழுதி வையுங்கள், ஆஸ்பத்திரியில் கேட்கும் முதல் கேள்வி அதுதான். நித்திரையால் எழும்பும்போதே கை விழுந்திருந்தால், படுக்கப்போன நேரத்தைச் சொல்லுங்கள். அஸ்பிரின் குளிசை கொடுக்க வேண்டாம். வெடிப்பாக இருந்தால் அது இரத்தக் கசிவைக் கூட்டும்.

தலையில் அடிபட்டவர் விஷயமும் இப்படித்தான். இரவில் படுத்திருக்கும் மாட்டில் மோட்டார் சைக்கிளை அடித்து விழுவது நம் வீதிகளில் புதிதில்லை. விழுந்தவர் இரண்டு தரமோ அதற்கு மேலோ சத்தி எடுத்தால், மயக்கமாகவே இருந்தால், வலிப்பு வந்தால், காதாலோ மூக்காலோ இரத்தம் அல்லது தண்ணீர் போல வடிந்தால், கண்ணைச் சுற்றிக் கறுத்து வீங்கினால், நடந்ததை நினைவில்லை என்றால், உடனே கொண்டுபோங்கள். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து குடிப்பவர்கள் சின்ன அடி என்றாலும் போக வேண்டும். கட்டிலால் விழுந்து உடனே அழுது, பிறகு வழமை போல விளையாடும் பிள்ளைக்குப் பெரும்பாலும் சி.ரி. தேவைப்படாது. சில மணி நேரம் டொக்டரின் கண்பார்வையில் வைத்திருந்தாலே போதும் என்று அவர் சொன்னால், அது அக்கறைக் குறைவு இல்லை.

வாழ்நாளில் வராத தலையிடி ஒரே நொடியில் உச்சத்துக்கு ஏறினாலும், காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்து வந்தாலும் காத்திருக்கக் கூடாது. நெஞ்சு நோவுக்கு முதல் தேவை இ.சி.ஜி.; அது கிட்டிய அரச ஆஸ்பத்திரியிலேயே நடக்கும். அதை விட்டுவிட்டு எக்கோ (இதயத்தைப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட்) எடுக்க எங்கே போவது என்று விசாரித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

படி 2: அவசரமில்லை என்றால், டொக்டரிடம் ஒரு கேள்வி

டொக்டர் ஸ்கான் துண்டு எழுதும்போது, அல்லது நாங்களே எழுதித் தரச் சொல்லிக் கேட்க நினைக்கும்போது, வாய் திறந்து கேட்க வேண்டியது இது:

"டொக்டர், இந்த ஸ்கான்ல என்ன வந்தால் வைத்தியம் மாறும்?"

கேட்பதற்குக் கூச்சப்பட ஒன்றுமில்லை. "கல்லு பெரிசெண்டால் ஒபரேஷனுக்கு அனுப்புவன், சின்னனெண்டால் மருந்தோட பாப்பம்" என்று பதில் வந்தால், அந்த ஸ்கானுக்கு வேலை இருக்கிறது. "என்ன வந்தாலும் இதே மருந்துதான், உங்கட மனத் திருப்திக்கு" என்று வந்தால் இப்போதைக்கு விட்டுவிடலாம். கூடவே இன்னும் இரண்டைக் கேட்கலாம்: இதையே சின்னப் பரிசோதனை ஒன்றால் அறிய ஏலாதா? இரண்டு மூன்று கிழமை பொறுத்துப் பார்த்தால் ஏதும் ஆபத்தா?

ஸ்கான் துண்டில் "நாரி எம்.ஆர்.ஐ." என்று மட்டும் எழுதியிருந்தால், என்ன சந்தேகத்தில் எடுக்கிறது என்பதையும் ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் கதிரியக்க நிபுணர் உங்களைக் காண்பதே இல்லை. "மூன்று மாதமாக இடது காலுக்கு இறங்கும் நோ, பெருவிரல் விறைப்பு" என்ற ஒரு வரி இருந்தால் எங்கே உற்றுப் பார்ப்பது என்று அவருக்குத் தெரியும்.

படி 3: எந்த மெஷின் எதைக் காட்டும்

எக்ஸ்ரே எலும்பு முறிவையும் நெஞ்சையும் பார்க்கும், மலிவு, விரைவு. இரண்டு கிழமைக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும்தான் முதல் வேலை, காசநோயை அவற்றை வைத்துத்தான் தேடுகிறார்கள்.

எங்கள் ஊரில் வெறுமனே "ஸ்கான்" என்றால் அல்ட்ராசவுண்ட். ஒலி அலையால் பார்ப்பது, கதிர்வீச்சே கிடையாது. பித்தப்பைக் கல், சிறுநீரக வீக்கம், கர்ப்பப்பை, தைரொயிட் கட்டி எல்லாம் இதில் நன்றாகத் தெரியும். குடலில் வாயு நிறைந்திருந்தால் மறைத்துவிடும். செய்கிறவரின் கைத்திறமையில்தான் பாதி இருக்கிறது. பித்தப்பை பார்க்க ஆறு மணி நேரமாவது சாப்பிடாமல் போக வேண்டும். அடிவயிறு பார்க்கச் சலப்பை நிரம்பியிருக்க வேண்டும். முழங்காவிலில் இருந்து விடியப் புறப்பட்டு வந்து, "தேத்தண்ணி குடிச்சிட்டு வந்திட்டியளே" என்று திருப்பி அனுப்பப்படுவதை விட முதல் நாளே போன் அடித்துக் கேட்பது நல்லது.

சி.ரி. என்பது எக்ஸ்ரேயைச் சுற்றிச் சுற்றி எடுத்து உடம்பைத் துண்டு துண்டாகக் காட்டுவது. அவசரத்தில் இதை வெல்ல ஒன்றுமில்லை. எம்.ஆர்.ஐ. காந்தத்தால் இயங்குவது; மூளை, முள்ளந்தண்டு நாண், மூட்டுத் தசைநார்களை இது மாதிரி வேறெதுவும் காட்டாது. இருபது நிமிடத்திலிருந்து முக்கால் மணி நேரம் வரை பெரிய சத்தத்துக்குள் அசையாமல் படுத்திருக்க வேண்டும். விலை கூடியது என்பதால் எல்லாவற்றுக்கும் நல்லது என்று எண்ண வேண்டாம். பித்தப்பைக் கல்லுக்கு அல்ட்ராசவுண்டே போதும்.

படி 4: நாரி, தலை, முழங்கால், வயிறு, வயிற்றுப் பிள்ளை

நாரி நோவில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் வன்னியில் வீணாகும் ஸ்கான் காசில் பெரும்பங்கு இதற்குத்தான் போகிறது என்பது என் எண்ணம். நாற்று நடுகிறவர், லாண்ட்மாஸ்டர் ஓட்டுகிறவர், கல் அரிகிறவர், நெல் மூட்டை தூக்குகிறவர் எல்லோருக்கும் வருவது. பெரும்பாலானோருக்குச் சில கிழமைகளில் தணிந்துவிடும். அபாய அறிகுறி இல்லாத நாரி நோவுக்கு முதல் ஆறு கிழமைக்குள் எக்ஸ்ரேயோ எம்.ஆர்.ஐ.யோ தேவையில்லை என்று உலகின் பெரிய மருத்துவச் சங்கங்கள் சொல்லிவருகின்றன. படுத்தே கிடக்காமல் முடிந்தளவு நடமாடுவதுதான் வைத்தியம்.

நோவே இல்லாதவர்களை எம்.ஆர்.ஐ.யில் பார்த்த பல ஆய்வுகளை 2015இல் ஒன்றாகத் தொகுத்தார்கள். 20 வயதுக்காரரில் 37 சதவீதத்தினருக்கு முள்ளந்தண்டுத் தட்டு தேய்ந்திருந்தது, 80 வயதில் 96 சதவீதத்தினருக்கு. தட்டு வெளியே பிதுங்கியிருந்தது 20 வயதில் 30 சதவீதம், 80 வயதில் 84 சதவீதம். இவ்வளவு பேருக்கும் ஒரு நோவும் இல்லை. தட்டுத் தேய்வு தலைமயிர் நரைப்பது மாதிரி, வயதோடு வரும். ஆகவே "டிஸ்க் பல்ஜ்" என்ற சொல்லைக் கண்டதும் வயல் வேலையை விடத் தேவையில்லை, ஒபரேஷனுக்குக் காசு சேர்க்கவும் தேவையில்லை.

ஆனால் இவை இருந்தால் ஆறு கிழமைக் கணக்கு செல்லாது: சலம் போகாமல் அடைப்பது அல்லது தெரியாமல் போவது, மலம் அடக்க முடியாமை, கதிரையில் குந்தும் இடம் விறைப்பது, கால் பலம் குறைந்துகொண்டு போவது. இது அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம், எம்.ஆர்.ஐ. அவசரமாகத் தேவைப்படும். காய்ச்சலோடு வரும் நாரி நோ, காரணமில்லாமல் மெலிவது, முன்பு புற்றுநோய் இருந்தவர், மரத்தாலோ கூரையாலோ விழுந்தவர், நெடுங்காலம் ஸ்டிரொயிட் குளிசை குடிப்பவர் ஆகியோரும் பிந்தக் கூடாது.

தலையிடி வருடக்கணக்காக ஒரே மாதிரி வந்து போகிறது, இடையில் ஆள் நன்றாக இருக்கிறார் என்றால் ஸ்கானில் பெரும்பாலும் ஒன்றும் வராது. 50 வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கினால், கிழமைக்குக் கிழமை கூடினால், பார்வை மங்கினால், கை கால் பலவீனம் சேர்ந்தால் பார்க்க வேண்டும்.

முழங்கால் தேய்வுக்கு நின்றபடி எடுத்த ஓர் எக்ஸ்ரே போதும். அறுபது வயது அம்மாவின் முழங்காலுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தால் ஏதாவது கிழிவு பெரும்பாலும் வரும், வைத்தியம் அதனால் மாறுவது அரிது.

விலாவிலிருந்து அடிவயிற்றுக்கு இறங்கும் குத்து, கல்லாக இருக்கலாம். முதலில் சலப் பரிசோதனையும் அல்ட்ராசவுண்டும். அதில் விளங்காவிட்டால் குறைந்த கதிர்வீச்சில் எடுக்கும் சி.ரி. இருக்கிறது, காய்ச்சலும் நடுக்கமும் சேர்ந்தால் அவசரம்.

கர்ப்பிணிக்கு: தேதி கணிக்க முதல் மூன்று மாதத்துக்குள் ஒன்று, பிள்ளையின் உறுப்புகளைப் பார்க்க 18 முதல் 22 கிழமைக்குள் ஒன்று. அதற்கு மேல் எத்தனை என்பது பிரஷர், சீனி, பிள்ளையின் வளர்ச்சியைப் பொறுத்து கிளினிக்கில் சொல்வார்கள். முகம் பார்க்க எடுக்கும் கலர் ஸ்கான் ஆசைக்கு, அவ்வளவுதான்.

மார்பில் கட்டி தட்டுப்பட்டால் வயது குறைந்தவர்களுக்கு அல்ட்ராசவுண்ட் முதலில், 40ஐத் தாண்டியவர்களுக்கு மமோகிராமும் (மார்பகத்துக்கென்றே எடுக்கும் எக்ஸ்ரே) சேரும். எந்த வயதென்றாலும் "நோவில்லைத்தானே" என்று விட்டுவிடாதீர்கள். நோகாத கட்டியைத்தான் கட்டாயம் காட்ட வேண்டும்.

படி 5: உடம்பில் கிடக்கும் இரும்பைச் சொல்லுங்கள்

வேறு ஊர்களுக்கு எழுதும் வழிகாட்டியில் இதற்கு ஒரு வரி போதும். வன்னியில் போதாது. 2009இல் முடிந்த போரில் காயப்பட்டு, ஷெல் பீஸும் சன்னமும் உடம்பில் கிடக்க வாழ்கிறவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். எடுத்தால் ஆபத்து, விட்டால் ஒன்றும் செய்யாது என்று டொக்டர்மாரே விட்ட துண்டுகள் அவை. எம்.ஆர்.ஐ. அறைக்குள் மட்டும் கதை வேறு.

அந்த அறையின் காந்தம் எந்த நேரமும் உயிரோடு இருக்கும். கரண்ட் போனாலும் நிற்காது. ஷெல் துண்டு பெரும்பாலும் உருக்கு, காந்தம் இழுக்கும். தசைக்குள் பல வருடம் ஊறிக் கிடக்கும் சின்னத் துண்டு பொதுவாக அசையாது, ஆனாலும் சூடேறலாம், படத்தைக் கெடுக்கலாம். கண்ணிலோ மூளையிலோ முள்ளந்தண்டு நாணுக்குக் கிட்டவோ பெரிய இரத்தக்குழாய்க்கு அருகிலோ இருந்தால், கொஞ்சம் அசைந்தாலே பார்வையோ காலோ உயிரோ போகலாம்.

எம்.ஆர்.ஐ. வாசலில் ஓர் உரையாடல் எப்படிப் பிழையாகப் போகலாம் என்று பாருங்கள்.

"ஐயா, உடம்பில இரும்பு ஏதும் இருக்கோ? தகடு, ஸ்குரூ?"

"இல்லைத் தம்பி."

"சண்டை நேரம் காயம் ஏதும் பட்டதோ?"

"ஓம், முதுகில ஒரு பீஸ் கிடக்கு. அது பழசு, நோகிறேல்லை."

ஐயா பொய் சொல்லவில்லை. அவருக்கு அது காயம். இரும்பு என்று அவர் நினைத்ததே இல்லை. இரண்டாவது கேள்வியைக் கேட்காத இடத்தில் அவர் அப்படியே உள்ளே போயிருப்பார். அதனால் யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள், ஸ்கான் துண்டு எழுதும் டொக்டரிடமே முதலில். அவர் அந்த இடத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார். எக்ஸ்ரே துண்டு இருக்கிறதா, எங்கே என்று காட்டும், அதைக் காந்தம் இழுக்குமா என்று சொல்லாது. ஆகவே கதிரியக்க நிபுணர்தான் எம்.ஆர்.ஐ.யா, சி.ரி.யா என்று முடிவெடுக்க வேண்டும். சி.ரி.க்கு உடம்பில் இரும்பு இருப்பது ஆபத்தில்லை, படத்தில் கோடு கோடாக விழும், அவ்வளவே.

கைக்குழந்தையாகக் காயப்பட்டவர்கள் இப்போது இளைஞர்கள். தன் உடம்பில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம். அம்மாவிடம் கேளுங்கள், தழும்பைப் பாருங்கள். வெல்டிங், கிரைண்டர் வேலை செய்கிறவர்கள் கண்ணில் எப்போதாவது இரும்புத் தூள் பட்டதா என்பதைச் சொல்ல வேண்டும். எலும்புக்குப் போட்ட தகடு, இதயத்தில் வைத்த பேஸ்மேக்கர், காதுக்குள் வைத்த கருவி எல்லாவற்றுக்கும் ஒபரேஷன் கார்ட் இருந்தால் கொண்டுபோங்கள். செயற்கைக் காலை வெளியே கழற்றி வைக்க வேண்டும்.

படி 6: மருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கானும் சிறுநீரகமும்

சி.ரி.யில் இரத்தக்குழாயும் உறுப்புகளும் தெளிவாகத் தெரிய அயடின் கலந்த மருந்தை நரம்பால் ஏற்றுவார்கள். சிறுநீரகம் அதை வெளியே தள்ள வேண்டும். வவுனியாவிலும் அதை அண்டிய வட மத்திய மாகாணக் கிராமங்களிலும் காரணம் முழுதும் பிடிபடாத சிறுநீரக நோய் பரவிக் கிடக்கிறது. பலருக்கு நோய் முற்றும் வரை அறிகுறியே வராது. ஆகவே அவசரமில்லாத ஸ்கான் என்றால் முதலில் கிரியட்டினின் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அதை வைத்துக் கணக்கிடும், சிறுநீரகம் வடிகட்டும் அளவு (eGFR) 30க்குக் கீழே என்றால் டொக்டர் யோசித்துத்தான் ஏற்றுவார். எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றும் கடோலினியமும் அந்த நிலையில் கவனமாகக் கையாள வேண்டியதே.

சீனி வருத்தத்துக்கு மெற்போமின் குடிப்பவர்கள் அதைச் சொல்லுங்கள். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் ஸ்கான் நேரத்தில் நிறுத்தி, 48 மணி நேரம் கழித்து இரத்தம் பார்த்துத் திரும்பத் தொடங்கச் சொல்வார்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். நாரி நோவுக்குக் கடையில் வாங்கி விழுங்கும் டைக்குளோபினாக்கையும் சொல்லுங்கள், அதுவும் சிறுநீரகத்தைத் தாக்குவதுதான். முல்லைத்தீவுப் பக்கம் அடிக்கடி கேட்கும் ஒன்று: "எனக்கு இறால் ஒத்துவராது, அயடின் ஏத்தலாமோ?" இறால் ஒவ்வாமைக்குக் காரணம் அயடின் இல்லை, இறாலின் புரதம். முன்பு இதே ஸ்கான் மருந்துக்கே உடம்பு தடித்ததோ மூச்சு முட்டியதோ என்பதுதான் கட்டாயம் சொல்ல வேண்டியது.

படி 7: கதிர்வீச்சு, பயமில்லாமல் கணக்கோடு

மண்ணிலும் வானத்திலும் சாப்பாட்டிலும் இருந்து மனிதருக்கு இயற்கையாகவே வருடத்துக்கு உலக சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு கிடைக்கிறது. நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று 0.1 அல்லது அதற்கும் குறைவு. நாரி எக்ஸ்ரே ஏறக்குறைய 1.5. தலைக்கு சி.ரி. 2 அளவில், வயிற்றுக்கு சி.ரி. 8 முதல் 10 வரை. அல்ட்ராசவுண்டுக்கும் எம்.ஆர்.ஐ.க்கும் பூச்சியம்.

தேவையான சி.ரி.யைப் பயந்து மறுப்பது பிழை. அதே வயிற்றுக்கு மூன்று இடத்தில் மூன்று சி.ரி. எடுப்பதும் பிழை. பிள்ளைகளின் உடம்பு கதிர்வீச்சுக்குக் கூடுதலாக இடங்கொடுக்கும், அவர்களுக்கு அல்ட்ராசவுண்டால் முடியுமா என்று எப்போதும் கேளுங்கள். பெண்கள் நாள் தள்ளியிருந்தால் எக்ஸ்ரே அறைக்குள் போக முதல் சொல்லுங்கள்.

"ஃபுல் பொடி செக்கப்" பற்றி

"காசு அனுப்புறன், அப்பாவுக்கு முழு உடம்பும் ஸ்கான் பண்ணுங்கோ" என்று வெளிநாட்டிலிருந்து வரும் அன்பை எப்படி மறுப்பது என்று தெரியாமலே பலர் போகிறார்கள். தென்கொரியாவில் நடந்ததை அந்தப் பிள்ளைக்குச் சொல்லலாம். அங்கே செக்கப்போடு சேர்த்துத் தைரொயிட் அல்ட்ராசவுண்டும் பரவியது. 1993இலிருந்து 2011க்குள் தைரொயிட் புற்றுநோய் என்று கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 15 மடங்கானார்கள். அந்த நோயால் சாகிறவர் தொகை மாறவில்லை. ஒன்றும் செய்யாமல் கிடந்திருக்கும் கட்டிகளுக்காக ஏராளமானோர் கழுத்தில் ஒபரேஷன் செய்து, ஆயுள் முழுதும் குளிசை குடிக்கிறார்கள். அந்தக் காசில் அப்பாவுக்குப் பிரஷர், சீனி, கிரியட்டினின், கண் பரிசோதனை செய்யலாம். அரச ஆஸ்பத்திரியில் ஆரோக்கிய வாழ்க்கை நிலையம் இருந்தால் அதில் பாதிக்குக் காசே இல்லை. அம்மாவுக்கோ அக்காவுக்கோ 35, 45 வயதுகளில் சுகவனிதையர் கிளினிக்.

படி 8: அரச ஆஸ்பத்திரியா, பிரைவேட்டா

அரச ஆஸ்பத்திரியில் இலவசம், ஆனால் திகதி பிந்தலாம். திகதி கொடுக்கும்போதே, "இதுக்குள்ள என்ன நடந்தால் காத்திருக்காமல் வர வேணும்?" என்று கேட்டு கிளினிக் கொப்பியில் எழுதுவியுங்கள். கொடுத்த திகதியை விட உங்கள் உடம்பு முக்கியம், நோய் கூடினால் திரும்பப் போகலாம்.

பிரைவேட்டில் எடுப்பதென்றால் விலையை முழுதாகக் கேளுங்கள்: மருந்து ஏற்றினால் எவ்வளவு, ரிப்போர்ட்டும் சீடியும் சேர்ந்ததா, நிபுணர் எப்போது பார்த்து எழுதுவார். டொக்டர் எழுதிய துண்டு இல்லாமலே பெரிய ஸ்கான் எடுத்துத் தருகிறோம் என்று சொல்லும் இடத்தில் எனக்கு நம்பிக்கை வராது. ஒரே பாகத்துக்குப் பழைய படம் இருந்தால் அதையும் கட்டாயம் கொண்டுபோங்கள். போன வருடக் கட்டியும் இந்த வருடக் கட்டியும் ஒரே அளவு என்று தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

படி 9: ரிப்போர்ட் கையில் வந்தபின்

எழுதித் தந்த டொக்டரிடமே கொண்டுபோங்கள். வாட்ஸ்அப்பில் லண்டனுக்கு அனுப்பி, கூகுளில் தேடி, இரவு நித்திரை கெடுவதில் பலனில்லை. "சிம்பிள் சிஸ்ட்" என்று சிறுநீரகத்திலோ ஈரலிலோ எழுதியிருந்தால் பெரும்பாலும் தீங்கற்ற நீர்க்கட்டி. "ஃபட்டி லிவர்" என்றால் ஈரலில் கொழுப்பு. எடை, சீனி, சாராயம் பற்றி டொக்டரோடு கதைக்க வேண்டும். தேடாத ஏதாவது தட்டுப்பட்டிருந்தால் இரண்டைக் கேளுங்கள்: இதைத் திரும்பப் பார்க்க வேணுமோ, வேணுமெண்டால் எத்தனை மாதத்தில்? பதிலைக் கொப்பியில் திகதியோடு எழுதுவித்துக்கொள்ளுங்கள். "நோர்மல்" என்று வந்து நோ மட்டும் மாறவில்லை என்றாலும் திரும்பப் போக வேண்டும். அடைப்பால் வந்த பாரிசவாதம் முதல் சில மணி நேர சி.ரி.யில் தெரியாமலே இருக்கலாம்.

படங்களைப் பொலித்தீன் உறையில் போட்டு, தட்டையாக, வெயிலும் மழை ஒழுக்கும் படாத இடத்தில், மார்கழி வெள்ளம் எட்டாத உயரத்தில் வையுங்கள். ரிப்போர்ட்டைப் போனில் படமெடுத்து வைத்திருப்பது நல்லது. உடம்பில் பீஸ் உள்ளவர்கள் ஒரு எக்ஸ்ரேயைத் தனியாக எடுத்து வைத்து, உறைக்கு வெளியே எழுதிவிடுங்கள்: எந்த இடம், எந்த வருடம் பட்டது, எத்தனை துண்டு. மயங்கிய நிலையில் உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறவர் கையில் அந்த உறை இருக்க வேண்டும். அது எந்த அலுமாரியில் இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.